முகவரி இல்லாதவங்களுக்கு வயிறு வலிக்காதா?

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகம்னு பொய் சொல்ல மாட்டேன், சோம்பல்தான். பாதி எழுதி வச்ச சமையல் குறிப்பு ஒண்ணு கிடக்கு, அது கிடக்கட்டும். இன்னிக்கு என்னை எழுத வச்சது நம்ம நண்பர் ஒருத்தரோட பதிவு. பேர் வேண்டாம். படிச்சவங்களுக்குத் தெரியும், படிக்காதவங்க தேட வேண்டாம்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஏழெட்டு காரவன் வந்து நின்னுடுச்சாம். "ஜிப்ஸிங்க வந்துட்டாங்க, சைக்கிளை உள்ள எடுத்து வைங்க"ன்னு ஆரம்பிச்சு, "இவங்க தடுப்பூசி போட மாட்டாங்க, டாக்டர்கிட்ட போக மாட்டாங்க, முத்திப் போன பிறகு ஏ அண்ட் இ-ல வந்து நம்ம இடத்தைப் பிடிச்சுக்குவாங்க, வரி கட்டுறது நாம"ன்னு முடிச்சிருந்தார். கீழே நாப்பது பின்னூட்டம். முக்கால்வாசி "சரியாச் சொன்னீங்க தல".

எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. கோபம் அவர் மேல மட்டும் இல்லை. அவர் எழுதினதை நானே ஒரு காலத்தில் செஞ்சவ.

நான் ஒரு ஜி.பி. சர்ஜரியில் ரிசப்ஷன்ல இருக்கேன்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமைன்னா போன் ஒரு பக்கம் கத்தும், வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். ஒரு பொண்ணு வந்தா. 17 வயசு இருக்கும். முகம் வெளுத்திருந்தது. டாக்டரைப் பார்க்கணும், இங்க பதிவு பண்ணலைன்னு சொன்னா. நான் மனப்பாடமா ஒப்பிச்சேன்: பாஸ்போர்ட் இல்லைன்னா லைசென்ஸ் ஒண்ணு, கரண்ட் பில் மாதிரி முகவரிக்கு ஆதாரம் ஒண்ணு. அவ "நாங்க ட்ராவலர்ஸ், இப்போ இங்க வந்திருக்கோம்"னு சொன்னா. நான் அதைக் காதில் வாங்காத மாதிரி, "என்ன பிரச்சனைக்குப் பார்க்கணும்?"னு கேட்டேன். சத்தமா. கண்ணாடித் தடுப்பு இருக்கு இல்லையா, சத்தமாத்தான் கேட்டாகணும். அவளுக்குப் பின்னாடி ரெண்டு ஆம்பளைங்க நின்னாங்க. அவ திரும்பி அவங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நிஜமாச் சொல்றேன், அன்னிக்கு அவளைப் பத்தி அப்புறம் ஒரு தடவை கூட நினைக்கலை.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தா. கூட ஒரு கம்யூனிட்டி நர்ஸ். அவளுக்கு சிறுநீர்த் தொற்று இருந்திருக்கு, வெளிய சொல்ல வெக்கம். அது கிட்னி வரைக்கும் ஏறி, காய்ச்சல் 40 தாண்டி, ஆம்புலன்ஸ்ல போய் அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கா. மூணு நாள் மாத்திரையில் முடிஞ்சிருக்க வேண்டியது. என்னைப் பார்த்து, "அன்னிக்கும் நீங்கதானே இருந்தீங்க?"ன்னு கேட்டா. திட்டுற தொனி இல்லை. அடையாளம் கண்டுகிட்ட தொனிதான். திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

நண்பரே, உங்க பதிவில் "முத்திப் போன பிறகு ஏ அண்ட் இ-ல வர்றாங்க"ன்னு எழுதினீங்களே, அது நிஜம். முத்துற வரைக்கும் வாசல்ல நிறுத்தி வச்சது யாருன்னு மட்டும் எழுத மறந்துட்டீங்க. நான்தான். என்னை மாதிரி கவுண்டர்ல உக்காந்திருக்கிறவங்க.

இப்போ சட்டம் என்னன்னு பார்ப்போம். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு பண்ண முகவரிச் சான்றும் வேண்டாம், அடையாளச் சான்றும் வேண்டாம். என்.எச்.எஸ். இங்கிலாந்தின் வழிகாட்டலே அதுதான். காகிதம் இல்லைங்கிற காரணத்துக்காக ஒருத்தரைத் திருப்பி அனுப்பக் கூடாது. நிரந்தர முகவரி இல்லைன்னா சர்ஜரியோட முகவரியையே போட்டுக்கலாம். மூணு மாசத்துக்குக் குறைவாத்தான் இந்த ஊர்ல இருப்பாங்கன்னா தற்காலிக நோயாளியா சேர்த்துக்கலாம். சேர்த்துக்க முடியாதுன்னா காரணத்தை எழுத்தில் கொடுக்கணும். இதெல்லாம் எனக்கு அன்னிக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரலை, நானும் கேட்கலை. எனக்கு முன்னாடி இருந்தவங்க கேட்டாங்க, அதனால நானும் கேட்டேன். அவ்வளவுதான் அந்த "ரூல்".

என் ஒரு சர்ஜரி கதைன்னு தள்ளிடாதீங்க. ஃப்ரெண்ட்ஸ், ஃபேமிலிஸ் அண்ட் ட்ராவலர்ஸ்னு ஒரு அமைப்பு, நிரந்தர முகவரி இல்லாதவங்க மாதிரியே சர்ஜரிகளுக்குப் போன் போட்டுப் பதிவு பண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது. 2019-ல் 50 சர்ஜரியில் 24 மறுத்தன. 2021-ல், கொரோனா காலத்தில், 100-ல் 74 மறுத்தன. நாலில் மூணு! இதுக்கப்புறமும் "அவங்க டாக்டர்கிட்ட போறதில்லை"ன்னு எழுதினா அதை என்னன்னு சொல்றது?

சரி, முதல்ல இவங்க யாருன்னு ஒரு சின்ன விளக்கம். நம்மாளுங்க எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி "நாடோடி"ன்னு லேபிள் ஒட்டிடுறாங்க. ரோமா மக்களும் இங்கிலாந்தின் ரோமானி ஜிப்ஸிகளும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வட இந்தியப் பக்கத்திலிருந்து கிளம்பினவங்களோட வாரிசுகள். அவங்க மொழியில் தண்ணிக்குப் பேர் "பானி", மூக்கு "நாக்", ரெண்டு "துய்", அஞ்சு "பாஞ்ச்". எகிப்திலிருந்து வந்தவங்கன்னு தப்பா நினைச்சு "ஈஜிப்ஷியன்"னு கூப்பிட்டது தேஞ்சு ஜிப்ஸி ஆச்சு. ஐரிஷ் ட்ராவலர்ஸ் வேற, அவங்க அயர்லாந்து மண்ணின் மக்கள்தான். எல்லாரும் ஊர் ஊராச் சுத்துறாங்கன்னு நினைக்கிறதும் தப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஜிப்ஸி அல்லது ஐரிஷ் ட்ராவலர்னு பதிஞ்சவங்களில் காரவனில் இருந்தது நாலில் ஒரு பங்குதான். மீதிப் பேர் நம்மள மாதிரி வீட்லயும் ஃபிளாட்லயும்தான். அதே கணக்குப்படி அவங்க நடு வயசு 26, மொத்த நாட்டுக்கு 39. அதாவது இது சின்னப் பசங்க நிறைஞ்ச சமூகம். அதனாலதான் இந்தப் பதிவு முழுக்க அந்த 17 வயசுப் பொண்ணு நிக்கிறா.

இனி நண்பரோட வாதங்களை ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன்.

முதல் வாதம்: "அப்பாயின்ட்மென்ட் கொடுத்தாலும் வர்றதில்லை."

எப்படிக் கொடுக்கிறோம்? தபாலில். ஆங்கிலத்தில். மூணு பக்கம். காரவன் நிக்கிற இடத்துக்குத் தபால்காரர் வருவாரா? வந்தாலும், ஊர் மாறி மாறிப் பள்ளியில் சரியாப் படிக்க முடியாம, வாசிக்கவே கஷ்டப்படுற பெற்றோர் நிறைய. கடிதத்தை வாசிச்சுச் சொல்றது வீட்ல இருக்கிற பன்னெண்டு வயசுப் பிள்ளை. மனநல மருத்துவத்துக்கு மாசக்கணக்கில் வரிசையில் நிக்கிற ஒரு பையன், கடிதம் கைக்கு வராததால ரெண்டு தடவை போகலைன்னா, "வரவில்லை"ன்னு எழுதிப் பேரை அடிச்சுடுவாங்க. மறுபடி வரிசையின் கடைசி. இதுக்கு நடுவில் போலீஸ் வந்து இடத்தைக் காலி பண்ணச் சொன்னா, அடுத்த ஊர்ல எல்லாம் முதல்லேர்ந்து.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ரோமா வீடுகளில் இன்னும் கொடுமை. அம்மாவோட கர்ப்பப்பை பிரச்சனையை டாக்டருக்கு மொழிபெயர்க்கிறது பத்து வயசு மகன். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளரா வைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்னு விட்டுடுறோம். இது நமக்குப் புரியாத விஷயமா என்ன? பாட்டியைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போய், பாட்டி தமிழ்ல சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாம முழிச்ச நம்ம வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேர் இந்தப் பதிவைப் படிக்கிறீங்க? கையைத் தூக்குங்க :-)

இரண்டாவது: "தடுப்பூசி போடுறதில்லை."

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி இங்கிலாந்தில் 12, 13 வயசில் போடுறாங்க. எங்க? பள்ளிக்கூடத்தில். ஆரம்பப் பள்ளி முடிஞ்சதும் கேலியும் அடியும் தாங்காம பள்ளியை விட்டுப் போற ட்ராவலர் பிள்ளைகள் நிறைய. பள்ளி போச்சுன்னா ஊசி போச்சு. பள்ளி நர்ஸ் போச்சு. மனசு சரியில்லைன்னு பேசுறதுக்கு இருந்த ஒரே ஆளும் போச்சு. விட்டுப் போனவங்க 25 வயசு முடியுறதுக்குள்ள ஜி.பி. மூலமாப் போட்டுக்கலாம். ஆனா அந்த ஜி.பி. வாசல்ல யார் உக்காந்திருக்கா? கரண்ட் பில் கேட்கிற நான்.

இதில் வெக்கமும் ஒரு பெரிய விஷயம். ரோமானி மக்களிடம் "மொக்கடி"ன்னு ஒரு சொல் உண்டு. (மொக்கை இல்லை, மொக்கடி.) கிட்டத்தட்ட நம்ம ஊர் தீட்டு, எச்சில் மாதிரி. பாத்திரம் கழுவுற தொட்டி வேற, உடம்பு கழுவுற தொட்டி வேற. இடுப்புக்குக் கீழ உள்ள விஷயத்தை ஆம்பளைங்க முன்னாடி, பெரியவங்க முன்னாடி பேசக் கூடாது. "இவங்க அழுக்கு"ன்னு எழுதினீங்களே, உங்க கிச்சன் சிங்க்கைப் பார்த்தா அவங்க முகம் சுளிப்பாங்க தெரியுமா? நம்ம வீட்ல வயசுக்கு வந்த பொண்ணுக்குக் கூச்சம் வந்தா "பண்பாடு"ங்கிறோம். அதே கூச்சம் அந்தப் பொண்ணுக்கு வந்து அவ வாயைத் திறக்காமப் போனா "ஒத்துழைக்காத நோயாளி"ங்கிறோம். 16 வயசுக்குக் கீழ இருந்தாலும், விவரம் புரியிற பிள்ளைன்னா டாக்டர்கிட்ட தனியாப் பேசலாம், ரகசியம் காக்கப்படும்னு இந்த நாட்டில் ஏற்பாடு இருக்கு. அதை அந்தப் பிள்ளைங்க கிட்ட யார் சொன்னா?

மூன்றாவது, இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது: "அரசாங்கம் உதவி பண்ணப் போனாலும் நம்ப மாட்டாங்க, ஓடி ஒளிவாங்க."

ஏன் நம்பணும்?

ஜெர்மனியில் முல்ஃபிங்கன்னு ஒரு ஊர். அங்க ஒரு குழந்தைகள் இல்லம். நாஜி காலத்தில் பெற்றோரைப் பிடிச்சுட்டுப் போய், பிள்ளைகளை அங்க வச்சாங்க. நர்ஸ் பயிற்சி பெற்ற ஏவா யூஸ்டின்னு ஒரு பெண் வந்து அந்தப் பிள்ளைகளோட விளையாடி, பழகி, டாக்டர் பட்ட ஆய்வுக்குக் குறிப்பு எடுத்தா. ஆய்வு முடிஞ்சது. 1944 மே மாசம் 39 பிள்ளைகளை ஆஷ்விட்சுக்கு ரயில் ஏத்தினாங்க. திரும்பினது 4 பேர். அந்தப் பெண்ணுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. போருக்குப் பிறகு ஃப்ராங்க்ஃபர்ட்டில் அரசாங்க வேலை பார்த்தா.

நாஜி கதைன்னு ஒதுக்கிடாதீங்க. சுவிட்சர்லாந்து நாஜி நாடா? அங்க 1926-லிருந்து 1973 வரைக்கும் குழந்தை நலன்ங்கிற பேரில் யெனிஷ் நாடோடிக் குடும்பங்களிலிருந்து கிட்டத்தட்ட 600 பிள்ளைகளைப் பிடுங்கினாங்க. இது மனித குலத்துக்கு எதிரான குற்றம்னு அந்த அரசாங்கம் ஒத்துக்கிட்டது 2025-ல். செக்கோஸ்லோவாக்கியாவில் ரோமா பெண்களுக்குச் சரியான சம்மதம் இல்லாமலே கருத்தடை ஆபரேஷன் பண்ணாங்க. நாடு ரெண்டாப் பிரிஞ்ச பிறகும் அது தொடர்ந்தது. 2000-ல் அப்படிச் செய்யப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-ல் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராத் தீர்ப்புக் கொடுத்தது. செக் நாடு நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டு வந்தது 2021-ல். ஸ்காட்லாந்தில் ட்ராவலர் குடும்பங்களைத் தகரக் கொட்டகை மாதிரி வீடுகளில் அடைச்சு, மறுத்தா பிள்ளைகளை எடுத்துக்குவோம்னு மிரட்டினாங்க. அதுக்கு ஸ்காட்லாந்து முதல் அமைச்சர் மன்னிப்புக் கேட்டது 2025 ஜூனில்.

அந்த மாதிரிப் பாட்டிகளோட பேரப் பிள்ளைகள்தான் இப்போ நம்ம வரிசையில் நிக்கிறாங்க. வாசல்ல சோஷியல் வொர்க்கர் வந்தா அந்த வீட்ல பிள்ளைகளை உள்ள இழுத்துக் கதவைச் சாத்துறாங்கன்னா, அது அறியாமை இல்லைங்க. அனுபவம். தாய்ப்பாலோட வந்தது. அதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கு, பயந்தவங்களுக்கா, பயமுறுத்தின அரசாங்கங்களுக்கா?

நான்காவது: "மைதானத்தில் ஏன் நிக்கிறாங்க? சட்டப்படி இடம் இல்லையா?"

இல்லைங்க, போதுமான அளவுக்கு இல்லை. 1968-ல் ஒரு சட்டம் வந்து, கவுன்சில்கள் இவங்களுக்கு இடம் ஒதுக்கணும்னு கடமையாக்குச்சு. 1994-ல் அந்தக் கடமையைத் தூக்கிட்டாங்க. 2022-ல் இன்னொரு சட்டம் வந்து, அனுமதி இல்லாம நின்னு, போகச் சொல்லியும் போகலைன்னா குற்றம், வண்டியையே பறிமுதல் பண்ணலாம்னு ஆக்கினாங்க. வண்டிதான் வீடு, கவனிங்க. அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி மனித உரிமைக்கு ஒத்து வரலைன்னு 2024 மே மாசம் உயர் நீதிமன்றமே சொல்லுச்சு. இடத்தைக் கொடுக்காம, நிக்கவும் விடாம, "உன் முகவரி என்ன?"ன்னு கேட்கிறது என்ன நியாயம்?

அதோட, மைதானத்தில் குப்பை போட்டா அது கவுன்சில் பிரச்சனை. கவுன்சில் பார்த்துக்கட்டும். அதுக்கும் ஒரு பொண்ணோட கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? நம்ம தெருவில் ஒருத்தன் குப்பை கொட்டினான்னு தெரு முழுக்க இருக்கிறவங்களுக்கு மருந்து கொடுக்க மாட்டேன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?

நான் அவங்க பக்கம் எல்லாமே சரின்னு சொல்ல வரலை. ஆம்பளைப் பையன்னா அழக் கூடாது, மனசு சரியில்லைன்னு வெளிய சொன்னா குடும்பத்துக்குக் கேவலம்ங்கிற எண்ணம் அங்கயும் இருக்கு. அதோட விலையைப் பாருங்க. அயர்லாந்தில் 2010-ல் வந்த அனைத்து அயர்லாந்து ட்ராவலர் நல ஆய்வு, ட்ராவலர்களிடையே தற்கொலை மற்றவங்களைவிட 6 மடங்குன்னு சொன்னது. ஆண்களோட சராசரி ஆயுள் 15 வருஷம் குறைவு. கைக்குழந்தை இறப்பு 3 மடங்குக்கும் மேல. ஒவ்வொரு பையனுக்கும் தூக்கு மாட்டிக்கிட்ட ஒரு மாமாவோ, சித்தப்பா பையனோ தெரிஞ்சிருக்கும். அந்தப் பையன் ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கிட்டு நம்ம கவுண்டருக்கு வர்றான்னு வைங்க. அவன்கிட்ட நாம கேட்கிற முதல் கேள்வி கரண்ட் பில்லா இருக்கணுமா?

இன்னொரு அநியாயம், இங்கிலாந்தில் இவங்க கணக்கிலேயே இல்லை. 2011 கணக்கெடுப்பில்தான் "ஜிப்ஸி அல்லது ஐரிஷ் ட்ராவலர்"னு முதல்முறையா ஒரு கட்டம் வந்தது. 2021-ல் ரோமாவுக்கும் வந்தது. முதல் கட்டத்தில் 71 ஆயிரம் பேருக்கு மேல, ரோமா கட்டத்தில் ஒரு லட்சத்தையொட்டி டிக் அடிச்சாங்க. ஆனா 2011-க்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல என்.எச்.எஸ். தன்னோட தேசிய இனப் பட்டியலா வச்சிருந்தது 2001-ன் பழைய பட்டியலைத்தான். அதில் இவங்களுக்குக் கட்டமே கிடையாது. எத்தனை பேர் வர்றாங்க, எத்தனை பேருக்கு என்ன நோய், எத்தனை பிள்ளை செத்துச்சுன்னு எண்ணவே இல்லைன்னா, "இவங்களுக்கு ஒரு பிரச்சனையும் இருக்கிறதாத் தகவல் இல்லை"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். வசதிதான்.

அறிக்கைகளில் இவங்களைப் பத்தி "எட்டுவதற்குக் கடினமான சமூகம்"னு எழுதுவாங்க. எங்க எட்டலை? என் கவுண்டர்ல இருந்து கை நீட்டினா தொடுற தூரத்தில்தான் அவ நின்னா.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசி விக்கிற நரிக்குறவப் பொண்ணு பக்கத்தில் வந்தா எங்கம்மா கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. நான் சின்னப் பிள்ளை, நானும் அம்மா கையை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். யாரும் எனக்கு உக்கார வச்சுச் சொல்லித் தரலை. அஞ்சாயிரம் மைல் தாண்டி வந்து, வேற ஒரு பொண்ணு முன்னாடி அதே கை இறுகுச்சு. நண்பரே, உங்க பதிவில் நான் பார்த்தது அந்தக் கையைத்தான். அதனாலதான் உங்களைத் திட்ட முடியலை. விடவும் முடியலை.

இங்க நம்ம பதிவர்களில் டாக்டர், மருந்துக்கடை, ரிசப்ஷன், ஸ்கூல்னு வேலை பார்க்கிறவங்க ஏகப்பட்ட பேர் இருக்கீங்க. புரட்சி எல்லாம் வேண்டாம். காகிதம் கேட்காதீங்க, சட்டமே கேட்கலை. "என்ன பிரச்சனை"ன்னு வரிசை முன்னாடி கேட்காம ஒரு துண்டுச் சீட்டையோ தனி அறையையோ கொடுங்க. படிவத்தை நீட்டுறதுக்கு முன்னாடி "நான் வாசிக்கட்டுமா?"ன்னு சாதாரணமாக் கேளுங்க. கடிதத்துக்குப் பதிலா போன் பண்ணுங்க. இவ்வளவுக்கும் ஒரு காசு செலவு கிடையாது.

அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை வந்தப்போ நர்ஸ் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சது. படிவத்தை நான் வாசிக்க வாசிக்க அவ சொன்னா, நான் எழுதினேன். முகவரிங்கிற இடம் வந்தது. சர்ஜரி முகவரியை எழுதினேன். "இனி உனக்கு வர்ற கடிதமெல்லாம் என்கிட்டதான் வரும், நான் போன் பண்றேன்"னேன். சிரிச்சா. அடுத்த நாள் மானேஜர்கிட்ட போய், கவுண்டர்ல ஒட்டியிருந்த "ரெண்டு ஆதாரம் கட்டாயம்"ங்கிற அட்டையைக் கழட்டணும்னு கேட்டேன். மூணு வாரம் இழுத்தாங்க. கழட்டிட்டாங்க.

ரெண்டு மாசத்தில் அவங்க வேற ஊர் போயிட்டாங்க. அங்க கவுண்டர்ல யார் உக்காந்திருக்காங்களோ. ஒருவேளை இதைப் படிக்கிற நீங்களா இருக்கலாம்.

டிஸ்கி 1: நண்பர் மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. மறுத்து எழுதணும்னா தாராளமா எழுதட்டும், படிச்சுட்டுப் பதில் சொல்றேன்.

டிஸ்கி 2: "அக்கா, உங்க சைக்கிள் திருடு போனாத் தெரியும்"னு பின்னூட்டம் போடத் தயாரா இருக்கிற தம்பிகளுக்கு: போன வருஷமே போயிடுச்சு. எடுத்தது எங்க தெருப் பையன். அவன் வீட்டுக்கு முகவரி இருக்கு.